குழந்தையை அளந்து கட்டுகிற வீடு

பிள்ளைகளுக்கு முற்றத்தில் மரத்தால் ஒரு விளையாட்டு வீடு வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது மரத்தைப் பற்றித்தான். தேக்கா, அயினியா, பலாவா, கன அடி என்ன விலை? நான் பதிலுக்கு வேறு கேட்பேன். வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்கு என்ன வயது? தவழ்கிறதா, நடக்கிறதா, ஏறத் தொடங்கிவிட்டதா? சாயங்காலமானால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்களா? இதையெல்லாம் கேட்காமல் முழக்கோலை எடுக்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் தச்சு வேலை செய்கிறவன். பாட்டா காலத்திலிருந்து வருகிற தொழில். நிலை, கதவு, கட்டில், அலமாரி என்று போய்க்கொண்டிருந்த பட்டறையில் இப்போது விளையாட்டு வீடுகளும் செய்கிறோம். வளைகுடாவில் குடும்பத்தோடு இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் அங்கே பார்த்ததுபோல இங்கேயும் கேட்கிறார்கள். சிலர் ஆன்லைனில் வாங்கிவிட்டு, வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு பொருத்தித் தரக் கூப்பிடுகிறார்கள். இரண்டு வேலையிலும் நான் சொல்வது ஒன்றுதான். பெரியவர்களின் வீட்டைச் சுருக்கிக் கட்டினால் அது பிள்ளைகளின் வீடு ஆகிவிடாது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடம், கதவு எப்படிச் சாத்தும், தளம் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றையும் பிள்ளையின் தலை, விரல், கழுத்து ஆகியவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

தலையிலிருந்து தொடங்குகிறேன். பெற்றோர் பெரும்பாலும் யோசிக்காத ஆபத்து அதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைவிடத் தலை பெரிது. ஒரு இடைவெளியில் காலை முதலில் விட்டு, இடுப்பும் நெஞ்சும் நழுவிப் போய்விட்டால் உடம்பு முழுவதும் வெளியே தொங்கும். தலை மட்டும் உள்ளே மாட்டி நிற்கும். கால் தரையில் படாவிட்டால் உடம்பின் கனம் அத்தனையும் கழுத்தில் விழும். பிள்ளையால் கத்தக்கூட முடியாது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டுச் சாதனங்களுக்கு வகுத்திருக்கிற அளவு இதற்காகத்தான்: எந்த இடைவெளியும் மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் நடுவில் இருக்கக் கூடாது. அதாவது 9 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கட்டும், உடம்பே நுழையாது; அல்லது 23 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கட்டும், தலையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நடுவில் உள்ள அளவுகள் எல்லாம் ஆபத்து. நம் ஊரில் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் ஜன்னலுக்கும் சாதாரணமாக விடுகிற நாலு அங்குலம், ஐந்து அங்குலம் எல்லாம் இந்த நடுப்பகுதியில்தான் வருகிறது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், பேத்திக்காக வீடு செய்யச் சொன்னார். அவர் வீட்டு முன்ஜன்னலில் கடைந்த மரக்கம்பிகள் உண்டு. அழகான பழைய வேலை. “ஆசாரியே, இதே மாதிரி சின்னதா வையும். பிள்ளைக்குத் தாத்தா வீடு மாதிரியே இருக்கணும்” என்றார். அவர் காட்டிய ஜன்னலில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பட்டறையில் கிடந்த துண்டு மரத்தில் 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டையும் 23 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டப் பலகையும் அறுத்து எடுத்துக்கொண்டு போனேன். கட்டை அந்த ஜன்னலுக்குள் தாராளமாகப் போனது. வட்டப் பலகை போகவில்லை. “சார், இந்தக் கட்டை பிள்ளையோட உடம்பு. இந்தப் பலகை தலை” என்றேன். வாத்தியார் கட்டையை வாங்கி, தன் வீட்டு ஜன்னலில் தானே இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். பிறகு, “கம்பி எத்தனை வேணுமானாலும் கூட்டிப் போடும்” என்றார். எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பிகளைக் கடைந்து போட்டோம். பார்வைக்கும் அது குறையாகத் தெரியவில்லை. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் நான் விடுவதில்லை.

கம்பிகளை நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். படுத்த கம்பி பிள்ளைக்கு ஏணி. மேல்பக்கம் கூராகச் சீவிய வேலிப் பலகைகளை வரிசையாக நிறுத்துவது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் இரண்டு கூர்களுக்கு நடுவில் கீழ்நோக்கிக் குறுகுகிற பள்ளம் ஒன்று வரும். சட்டையின் கயிறும் கழுத்துச் சங்கிலியும் அங்கேதான் மாட்டும். மேலே நுழைந்த கழுத்து கீழே சறுக்கினால் இறுகும். பலகைகளின் தலையைச் சமமாக அறுத்து, மேலே ஒரு சட்டம் அடித்துவிட்டால் தீர்ந்தது.

கயிறு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். விளையாட்டு வீட்டின் உத்திரத்தில் ஊஞ்சல் கட்டித் தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டி ஆடுவது நம் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. நாலு சுவருக்குள், பெரியவர் கண்ணில் படாத இடத்தில், கழுத்து உயரத்தில் தொங்குகிற துணியும் கயிறும் உயிரைப் பறிக்கக் கூடியவை. நான் செய்கிற வீடுகளின் உள்ளே கொக்கி வைப்பதில்லை. உத்திரம் தெரியாமல் பலகை அடித்து மூடிவிடுவேன். துப்பட்டாவைத் திரைச்சீலையாகக் கட்டுவதற்கும் இடம் கொடுக்காதீர்கள். திரை வேண்டுமென்றால் ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி, இழுத்தால் பிய்ந்துவரும்படி ஒட்டுப்பட்டையில் வையுங்கள்.

அடுத்தது விரல். கதவு சாத்தும்போது பிள்ளைகள் கைவைக்கிற இடம் பெரும்பாலும் கீல் பக்கம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு இடம் இருந்து, சாத்தும்போது அது குறுகினால் விரல் நசுங்கும். பொம்மைகளுக்கான தரநிலைகளில் இதற்கு ஒரு விதி இருக்கிறது: கீல் பக்கத்து இடைவெளியில் 5 மில்லிமீட்டர் குச்சி நுழைந்தால், 12 மில்லிமீட்டர் குச்சியும் நுழைய வேண்டும். விரல் நுழையவே கூடாது. நுழைந்தால் நசுங்காத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போதும் பாதி சாத்தியபோதும் முழுக்கச் சாத்தியபோதும் அந்த அளவு மாறக் கூடாது. நான் கதவைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி மாட்டுவேன், கால்விரலுக்காக. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒரு பிள்ளை மயங்கி விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. தாழ்ப்பாள், கொண்டி, பூட்டு எதுவும் வேண்டாம்; வெளியிலிருந்தும் வேண்டாம், உள்ளிருந்தும் வேண்டாம். அண்ணன் விளையாட்டாக வெளியே கொண்டி போட்டுவிட்டு ஓடிவிடுவான். தம்பி வெயிலில் உள்ளே வேகுவான். காற்றில் அடிக்காமல் இருக்கக் காந்தம் ஒன்று போதும். வீட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கட்டும், பெரியவர் ஒருவர் கையும் தோளும் விட்டுப் பிள்ளையைத் தூக்குகிற அளவுக்கு ஒரு ஜன்னலாவது.

உயரம் பற்றி என் தீர்ப்பு இது: ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு மாடி இல்லாத வீடு போதும். மாடி வைத்த வீட்டைப் பெரியவர்கள்தான் கேட்கிறார்கள். பிள்ளைக்குத் தன் உயரத்துக்கு ஒரு கதவும், உட்கார ஒரு திண்ணையும் இருந்தால் அதுவே பெரிய வீடு. மாடி கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தளம் 20 அங்குலம் தாண்டியதுமே கைப்பிடி வேண்டும்; 30 அங்குலம் தாண்டினால் பிள்ளை நுழைய முடியாத தடுப்பே வேண்டும். கீழே சிமென்ட் தரையோ இன்டர்லாக் கல்லோ இருக்கவே கூடாது. முற்றம் முழுக்க இன்டர்லாக் பதித்துவிட்டு அதன்மேல் சறுக்கு வைத்த வீட்டை நிறுத்தச் சொல்கிறார்கள், நான் மறுத்துவிடுகிறேன். 9 அங்குல ஆழத்துக்குத் தளர்வான மணல் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவது வரை தாங்கும் என்பது அமெரிக்க ஆணையம் சொல்கிற கணக்கு. வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடிக்கு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். எம்-சாண்டில் கல்தூள் அதிகம். மழை பட்டு இறுகிவிட்டால் தரைபோலத்தான் இருக்கும். மணல் எதுவானாலும் வாரத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். பூனை வராமல் இரவில் மூடி வையுங்கள்.

இடம் பார்க்கும்போது அண்ணாந்து பாருங்கள். எங்கள் ஊரில் முற்றத்தில் நிழல் என்றால் தென்னை நிழல்தான். தேங்காயும் காய்ந்த மட்டையும் விழுகிற இடத்தில் பிள்ளைகளின் வீட்டை வைக்கிறவர்களைப் பார்த்து நான் பதறியிருக்கிறேன். பலா மரத்தடியும் அப்படித்தான். மின்கம்பி போகிற இடம், கிணற்றுப் பக்கம், செப்டிக் டேங்க் மூடி, கார் பின்னால் வருகிற வழி, இவை எல்லாம் விலக்க வேண்டியவை. அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் வீட்டின் வாசல் தெரிய வேண்டும். அந்தப் பார்வைக்காக வாசலின் திசையை மாற்றி வைக்கச் சொன்னால், வாஸ்து பார்க்கிற வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொள்கிறார்கள்.

இனி தண்ணீர். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஜூனில் வரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. நடுவில் சுள்ளென்ற வெயில். மரம் ஊறுவதும் காய்வதுமாக வருடம் போகிறது. மரத்தை நனைவது மட்டும் கெடுப்பதில்லை. நனைந்தபின் காய விடாமல் தண்ணீர் தங்குகிற இடங்கள்தான் கெடுக்கின்றன. பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1601 வாக்கில் தொடங்கிய கட்டடம். மரவேலை இன்றும் நிற்கிறது. கூரை செங்குத்தாகச் சரிகிறது; இறவாரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீள்கிறது. மழை மரத்தின் மேல் விழாமல் முற்றத்தில் விழுகிறது. தாய்க்கொட்டாரத்தில் உள்ள பலாமரத் தூணைத் தொழில் தெரிந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்த மரத்தை நனையாமல் வைத்துக்கொண்ட கூரையையும் பார்க்க வேண்டும்.

நான் செய்கிற குட்டி வீட்டுக்கும் அதே முறைதான். இறவாரம் ஓர் அடியாவது வெளியே நீள வேண்டும். அதன் ஓரம் பிள்ளையின் நெற்றிக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். தளப் பலகைகளுக்கு நடுவில் 5 மில்லிமீட்டர் விடுவேன். தண்ணீர் இறங்கும், மரம் ஊறி உப்பினாலும் ஒன்றையொன்று தள்ளாது. தூணை மண்ணில் புதைப்பதே இல்லை. குழி எடுத்துக் கான்கிரீட் போட்டு, அது தரையிலிருந்து ஒரு சாண் மேலே வரும்படி நிறுத்தி, அதில் துத்தநாகம் பூசிய இரும்பு ‘யு’ கிளாம்பைப் பதித்து, தூணை அதில் போல்ட் போடுவேன். தூணின் அடிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருக்கும். பழைய வீடுகளில் மரத்தூணைக் கருங்கல் அடிக்கல்லின் மேல் நிறுத்தியதும் இதே காரணத்துக்காகத்தான். கறையான் மண்ணிலிருந்துதான் வருகிறது. கல்லின் மேல் ஏற வேண்டுமென்றால் வெளியே தெரிகிறபடி மண்கூடு கட்டித்தான் ஏறும். அதைப் பார்த்ததும் துடைப்பத்தால் தட்டிவிடலாம். பிள்ளைகள் உருளுகிற இடத்தில் கறையான் மருந்து ஊற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. தளத்தை ஒரு முழம் தூக்கி வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியும், பெருக்கலாம், பாம்பும் தேளும் ஒதுங்க மறைவு இருக்காது. அவ்வளவு தூக்க முடியாவிட்டால் அடிப்பக்கத்தை நெருக்கமான வலையால் முழுக்க அடைத்துவிடுங்கள்.

கிளாம்ப் வேறொன்றுக்கும் உதவுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தையொட்டிக் கடலில் கடந்தபோது ரப்பரும் தென்னையும் வாழையும் விளை விளையாகச் சாய்ந்தன. இந்தக் குட்டி வீடு கனமில்லாதது. இறவாரத்தின் கீழே காற்று புகுந்தால் அப்படியே தூக்கும். பெட்டியில் வருகிற வீடுகளோடு தரையில் பதிக்கிற ஆணி வராவிட்டால், வாங்கியவர் தனியாகப் பதித்தே ஆக வேண்டும்.

மரத்துக்கு வருகிறேன். வெயிலிலும் மழையிலும் நிற்க எங்கள் பக்கத்து அயினி நல்ல மரம். படகு கட்டுகிற மரம் அது. தேக்கு இன்னும் நல்லது, விலைதான் இடிக்கும். எதுவானாலும் வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள்; ஓரத்து வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் சீக்கிரம் உளுத்துவிடும். எங்கள் மாவட்டத்தில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். நாற்காலிக்கும் மேசைக்கும் சரி, முற்றத்துக்குச் சரிவராது. வண்டும் பூஞ்சையும் அதற்கு உடனே வரும். அதற்குப் போடுகிற போரான் மருந்து மழையில் கரைந்துபோகும். பிளைவுட் போடுவதானால் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிற மரைன் பிளை. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் ஒரு மழைக்கு ஊதிப்போகும். மலிவாகக் கிடைக்கிறதென்று பேக்கிங் பலகைகளை வாங்குகிறவர்கள் அதில் சூடுபோட்ட முத்திரையைப் படிக்க வேண்டும். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைப் பிள்ளைகளுக்கு எடுக்காதீர்கள்.

பச்சை நிறம் தட்டிய, மருந்து ஏற்றிய பைன் மரம் வந்தால் என்ன மருந்து என்று கேளுங்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த பழைய மருந்தை அமெரிக்காவில் உற்பத்தியாளர்களே 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் மரத்தைத் தொட்ட கையை வாயில் வைப்பார்கள். ஆர்சனிக் அங்கே போகவே கூடாது.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலைகளில் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற கருப்பு எண்ணெயைப் பூசினால் கறையான் வராது என்று மரத்துக்கு அடிப்பார்கள். கறையான் வராது, உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய் தோலைப் பொத்துவிடும். அண்டி உடைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டிப் பட்டறையில் கிடைக்கிற கழிவு ஆயிலும் விஷம்தான். கழிகோலுக்கும் வேலிக்கும் பூசுவதைப் பிள்ளையின் சுவருக்குப் பூசக் கூடாது. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் துண்டு மிச்சம் இருக்கிறது என்பார்கள். வேண்டவே வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தகரக் கூரை என்றால் ஓரங்களை மடித்து, அடியில் பலகையும் அடித்து, எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் ஒரு பிள்ளை கால்மணி நேரம்கூட இருக்க முடியாது.

பூசுவதற்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதானால் புது டின் வாங்குங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பரணில் கிடக்கிற பழைய டின்னுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பழைய கதவுப் பலகையை எடுத்துச் செய்கிறவர்கள் அதன் பெயின்ட்டைச் சுரண்டும் முன் இதை நினைக்க வேண்டும். சுரண்டிய தூளில்தான் ஈயம் இருக்கும்.

பெட்டியில் வருகிற வீட்டைப் பொருத்துகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வாங்கும்போதே அதைத் தேடுங்கள். பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக் உறைகளை அப்புறப்படுத்திவிடுங்கள். பலகை, போல்ட், ஸ்க்ரூ எல்லாவற்றையும் பட்டியலோடு எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கடைக்குச் சொல்லி வாங்குங்கள். கையில் கிடைத்த ஆணியை அடித்து ஒப்பேற்றாதீர்கள். பெரியவர்கள் இருவர் வேண்டும். பிள்ளைகள் அந்த நேரம் வீட்டுக்குள் இருக்கட்டும். நிறுத்திவைத்த ஒற்றைச் சுவர் எந்தப் பக்கமும் விழும். அடுத்த சுவரோடு மூலையில் இணைக்கிற வரை ஒருவர் கையை எடுக்கவே கூடாது.

தளத்தை ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கால் அங்குலம் தப்பினால்கூடக் கூரை பொருந்தாது. அப்போது இழுத்து முறுக்குவீர்கள், மரம் பிளக்கும். போல்ட்களை முதலில் கையால் மட்டும் முறுக்குங்கள். எல்லாம் நின்றபின் கடைசியில் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஸ்க்ரூவுக்கு முன்னதாகச் சின்னத் துளை போட்டால் பலகை ஓரத்தில் விரியாது. சாதாரண இரும்பு ஆணி மழையில் துரு விடும்; தேக்கில் உள்ள துவர்ப்பு பட்டால் சுற்றிலும் கருக்கும். துத்தநாகம் பூசியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். குளச்சல், மணக்குடி போலக் கடல்காற்று அடிக்கிற ஊர்களில் 304 கூடப் புள்ளி விழும். 316 கேட்டு வாங்குங்கள். நட்டைத் தாண்டி போல்டின் புரி இரண்டு சுற்றுக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் அறுத்து, அரம் போட்டு, தொப்பி நட் மாட்டுங்கள். பிள்ளைகள் ஓடும்போது உரசிக்கொள்வது அங்கேதான். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலின் மேல் இழுத்துக்கொண்டு போங்கள். தவறி விழுந்த இரும்பு ஸ்க்ரூ எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டாது, அதைக் கண்ணால் தேடுங்கள்.

கடைசி வேலை உப்புத்தாள். தேய்த்து முடித்தபின் உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் போதாது. தச்சனின் கை காய்த்த கை, அதற்கு ஒன்றும் தெரியாது. பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு எல்லாப் பலகையிலும் இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது. ஜன்னல் சட்டத்தின் அடிப்பக்கம், வாசற்படியின் ஓரம், திண்ணையின் முன்விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் பிள்ளையின் தொடையும் கையும் அதிகம் படும். கூர்விளிம்புகளை எல்லாம் இழைப்புளியால் உருட்டிவிடுங்கள்.

வீடு நின்றுவிட்டது. மரம் இன்னும் நிற்கவில்லை. முதல் வெயிலில் அது காய்ந்து சுருங்கும், போல்ட் எல்லாம் தளரும். அதனால் முதல் கோடையில் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை போதும்: இடவப்பாதிக்கு முன் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தூணின் அடி, படிக்கட்டு, தளத்தின் ஓரம், கூரை சுவரோடு சேருகிற இடம் ஆகியவற்றில் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நிற்கும். உளுத்த மரத்தில் இறங்கும். பெயின்ட் பளபளவென்று இருக்கிறதே என்று நம்பக் கூடாது. உள்ளே ஈரம் போனபின் பெயின்ட்டே அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்.

உத்திரத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு உருண்டையாக ஒரு துளை இருந்து, கீழே மஞ்சள் தூள் கொட்டிக் கிடந்தால் அது கருவண்டின் வேலை. துளையை மரக்குச்சியால் அடைத்துப் பூசிவிடுங்கள். இறவாரத்தின் அடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது தட்டாதீர்கள். படியில் பாசி பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரும் தேங்காய் நார்ப் பிரஷும் போதும். கார் கழுவுகிற பிரஷர் பைப்பை மரத்தின் மேல் பிடிக்காதீர்கள், நாரைக் கிளப்பிச் சிலாம்பு ஆக்கிவிடும். பிள்ளைகள் புதிதாக என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கயிறு இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். இவ்வளவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

ஜன்னல் பலகையும் தளப் பலகையும் உளுத்தால் மாற்றலாம். தூணின் அடி மெத்தென்று ஆகிவிட்டால் தகடு அடித்துச் சமாளிக்காதீர்கள், தூணையே மாற்ற வேண்டும். இரண்டு தூண் அப்படி ஆகிவிட்டால் வீட்டைப் பிரித்துவிடுவதே நல்லது என்பேன்.

பிள்ளைகள் வளர்ந்து வீடு சும்மா நிற்கும்போது, அதை அங்கன்வாடிக்கோ சொந்தக்காரர்களுக்கோ கொடுக்க நினைப்பது நல்ல மனம். உங்கள் பிள்ளை ஒருவன் விளையாடிய இடத்தில் அங்கே பத்துப் பிள்ளைகள் ஏறுவார்கள். லாரியில் ஏற்றும் முன் 9 சென்டிமீட்டர் கட்டையையும் 23 சென்டிமீட்டர் பலகையையும் எல்லா இடைவெளியிலும் விட்டுப் பாருங்கள், தூண்களின் அடியைக் குத்திப் பாருங்கள், கொண்டிகளைக் கழற்றுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அவர் சரி என்று சொன்னபின் கொடுங்கள்.